கால் கழுவிய இரவிலிருந்து ஐம்பத்தொரு நாள்

புனித வெள்ளிக்கு முந்தின பெரிய வியாழன் ஆராதனையில், இயேசு தம் சீடர்களின் காலைக் கழுவியதை நினைத்துக் கால் கழுவும் நேரத்தில் தண்ணீர்ச் செம்பைப் பிடிப்பது எங்கள் சபையில் பல வருடமாக என் வேலை. ஆயர் மேலங்கியைக் கழற்றி வைத்துவிட்டு, இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு, வரிசையாகப் போட்ட பன்னிரண்டு நாற்காலிகளுக்கு முன்னால் மண்டியிடுவார். நான் ஊற்றுவேன், அவர் கழுவுவார், இன்னொருவர் துடைத்துவிடுவார். 2024இல் அந்த வியாழன் மார்ச் 28. குர்ஆன் அருளப்பட்டதை நினைவுகூரும் நுசுல் அல்குர்ஆனும் அன்றே வந்ததால் கோலாலம்பூரில் பொது விடுமுறை. செந்தூல் பக்கம் இருக்கிற எங்கள் சின்ன ஆங்கிலிக்கன் ஆலயம் அன்று இரவு நிறைந்திருந்தது.

ஏழாவது நாற்காலியில் ஒரு தம்பி உட்கார்ந்திருந்தான். திருநெல்வேலிப் பக்கத்துப் பையன், முப்பத்தொரு வயது, இங்கே ஓர் உணவகத்தில் சமையலறை வேலை. ஊரில் சி.எஸ்.ஐ. சபை. அங்கே பாடிய பாட்டுகளையே நாங்களும் பாடுகிறோம் என்று கேள்விப்பட்டு ஒரு வருடம் முன்னால் எங்களிடம் வந்தவன். வலது காலை நீட்டினான். இடது காலில் காலுறையைக் கழற்றவில்லை. "இது போதும் ஐயா" என்றான். ஆயர் வற்புறுத்தவில்லை. செம்போடு குனிந்து நின்ற எனக்கு அந்தக் காலுறையின் நுனி தெரிந்தது. பெருவிரல் பக்கம் மஞ்சளும் பழுப்புமாக ஒரு கறை, காய்ந்து விறைத்துப்போய் இருந்தது. அதோடு அந்த வாடை. எங்கள் அப்பாவுக்குச் சர்க்கரை முற்றிக் காலில் புண் வந்தபோது வீட்டில் மூன்று மாதம் இருந்த வாடை அது. மறந்துபோக வழியே இல்லை.

அன்று ஆராதனையின் முடிவில் பீடத்துத் துணி, மெழுகுவர்த்தி, சிலுவை எல்லாவற்றையும் எடுத்துவிட்டு விளக்கை அணைப்போம். யாரும் யாரோடும் பேசாமல் வெளியே போவது வழக்கம். நானும் பேசாமல் போய்விட்டேன். நாளைக்குக் கேட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அந்த ஒரு நாளை இப்போது நினைத்தாலும் எனக்கு மனசு கனக்கிறது.

புனித வெள்ளி சபாவிலும் சரவாக்கிலும்தான் பொது விடுமுறை. தீபகற்பத்தில் இருக்கிற நாங்கள் வருடா வருடம் ஆண்டு விடுப்பில் ஒரு நாளை அதற்கென்று ஒதுக்கி வைப்போம். அவனுக்கு அதுவும் இல்லை. ரமலான் மாதம் என்பதால் நோன்பு திறக்கும் நேரத்துக்குக் கடையில் கூட்டம் நெரியும், விடமாட்டார்கள். நண்பகல் பன்னிரண்டு முதல் மூன்று வரை இயேசு சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளைத் தியானித்தோம். ஐந்தாவது வார்த்தை, தாகமாயிருக்கிறேன். அதைக் கேட்டதும் சட்டென்று ஞாபகம் வந்தது. குருத்தோலை ஞாயிறு அன்று ஆராதனை முடிந்தபின் இந்தத் தம்பி பின்னறையில் நின்று தண்ணீர் குடித்துக்கொண்டே இருந்தான். ஐந்தாறு கிளாஸ் இருக்கும். "வெயில்க்கா" என்றான். அந்த வாரம் வெயில் கடுமைதான், நானும் நம்பிவிட்டேன்.

சாயங்காலம் போன் செய்தேன். "ஒண்ணுமில்லக்கா, அடுப்படியில ஏதோ குத்திருச்சு. வலியே இல்ல" என்றான். வலி இல்லை என்று அவன் சொன்னதுதான் ஆபத்து. சர்க்கரை நரம்பைக் கெடுத்துவிட்டால் ஆணியே ஏறினாலும் காலுக்குத் தெரியாது. அவன் ஒரு நாளில் பன்னிரண்டு மணி நேரம் ஈர ரப்பர் பூட்ஸில் நிற்கிறவன். வீட்டில் யாருக்காவது அடிக்கடி தாகம், அடிக்கடி சிறுநீர், ஆறாத புண், இந்த மூன்றில் இரண்டு இருந்தாலும் அன்றே பக்கத்துக் கிளினிக்கில் விரலில் ஒரு சொட்டு ரத்தம் குத்திப் பாருங்கள், சில நிமிடத்தில் தெரிந்துவிடும். மலேசியாவில் பெரியவர்களில் ஆறு பேருக்கு ஒருவருக்குச் சர்க்கரை இருப்பதாகச் சுகாதார அமைச்சின் 2023ஆம் ஆண்டு ஆய்வு சொன்னது. நம்மவர்கள் வீட்டில் இதை நான் புதிதாகச் சொல்லவேண்டியதில்லை.

சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு, ஈஸ்டருக்காக ஆலயத்தில் பூ வைத்துக்கொண்டிருந்தபோது, அவனோடு தங்கியிருக்கும் பையன் என்னை அழைத்தான். "அக்கா, இவனுக்குக் காய்ச்சல் தூக்கிப் போடுது, என்னமோ உளர்றான்." பூவை அப்படியே விட்டுவிட்டுக் கிளம்பினேன். அங்கே இன்னும் ஐந்து பேர் இருந்தார்கள். "கொஞ்சம் வெளியே போய்ட்டு வர்றேன்" என்று மட்டும் சொன்னேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஒருத்தராவது கூட வந்திருப்பார். அப்போது எனக்கு அது தோன்றவே இல்லை.

அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவில் அப்போது குடிமக்களான நமக்கு ஒரு ரிங்கிட், வெளிநாட்டுக்காரருக்கு 100 ரிங்கிட். கட்டினேன். சர்க்கரை 27 மில்லிமோல் என்று காட்டியது, இந்தியாவில் சொல்கிற கணக்கில் ஏறக்குறைய 490. காலுறையை ஈரப்படுத்தி மெதுவாக உரித்தபோது மிஸ்ஸி, அதாவது நர்ஸ், என்னை வெளியே போகச் சொன்னார். நள்ளிரவு தாண்டி, ஈஸ்டர் ஞாயிறு விடியற்காலை இரண்டு மணிக்கு, வார்டில் சேர்க்கவேண்டும், அறுவை சிகிச்சை, முன்பணம் 2,800 ரிங்கிட் என்றார்கள். என் கார்டில் கட்டினேன். அப்புறம் மலாயில் இரண்டு பக்கப் படிவம் ஒன்றை நீட்டினார்கள். எங்கே கையெழுத்து என்று மட்டும் கேட்டேன். போட்டேன்.

அந்தப் படிவம்தான் ஜாமீன் பத்திரம். மீதி எவ்வளவு வந்தாலும் நான் கட்டுவேன் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். இதைப் படிக்கிறவர்கள் ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஒருவரை மருத்துவமனைக்குக் கூட்டிப்போனவர் என்பதற்காக நீங்கள்தான் ஜாமீன் போடவேண்டும் என்று இல்லை. உயிருக்கு ஆபத்தான நிலையில் முதலில் சிகிச்சைதான் தொடங்குவார்கள், பணக் கணக்கு அப்புறம். "நான் கொண்டுவந்து விட்டவர் மட்டும், முதலாளி இன்னார்" என்று கடையின் பெயர், முகவரி, போன் எண் எல்லாவற்றையும் அங்கேயே எழுதிக் கொடுங்கள். மருத்துவமனையில் மருத்துவச் சமூகப் பணிப் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. அலுவலக நேரம் தொடங்கிய முதல் காலையிலேயே அங்கே போய் நில்லுங்கள். எனக்கு அப்படி ஒரு பிரிவு இருப்பதே மூன்று வாரம் கழித்துத்தான் தெரியும்.

ஈஸ்டர் விடிந்தது. ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் தவக்காலமான லெந்தில் வாயிலேயே எடுக்காத அல்லேலூயாவை அந்த விடியற்காலை ஆராதனையில் முதல்முறை பாடுவோம். சின்ன வயதிலிருந்து நான் அதைத் தவறவிட்டதே இல்லை. அன்று மருத்துவமனை நடைபாதையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். போன் அதிர்ந்துகொண்டே இருந்தது. "கிறிஸ்து உயிர்த்தெழுந்தார்" என்று ஒவ்வொருவராக அனுப்பினார்கள். "மெய்யாகவே உயிர்த்தெழுந்தார்" என்று பதினான்கு பேருக்குப் பதில் போட்டேன். நான் எங்கே இருக்கிறேன் என்று ஒருவருக்கும் போடவில்லை. சாயங்காலம் அறுவை முடிந்து டாக்டர் வந்து, இடது காலில் இரண்டு விரல் போய்விட்டது, பாதத்தைக் காப்பாற்றிவிட்டோம் என்றார். நோன்பு திறக்கும் நேரம். அங்கே பணியில் இருந்த மலாய் மிஸ்ஸி தன் டப்பாவைத் திறந்து இரண்டு பேரீச்சம்பழத்தை என் கையில் வைத்தார். காலையிலிருந்து நான் பசியாறவில்லை என்பதை அவர் கவனித்திருக்கிறார். அப்போதுதான் அழுதேன்.

ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று பிறகு பலர் கேட்டார்கள். உண்மையைச் சொல்கிறேன். வலது கை செய்வது இடது கைக்குத் தெரியக்கூடாது என்ற வசனத்தில் ஊறி வளர்ந்தவள் நான். எங்கள் அம்மா யாருக்காவது அரிசி கொடுத்தால்கூட முந்தானைக்குள் மறைத்துத்தான் கொண்டுபோவார். செய்ததைச் சொல்லிக்கொள்வது அசிங்கம் என்று எனக்குள் பதிந்திருந்தது. அதோடு அப்பாவின் காலை நாங்கள் காப்பாற்றவில்லை, இவனையாவது நானே காப்பாற்றவேண்டும் என்ற பிடிவாதமும் இருந்தது. பெருமைக்காகத் தம்பட்டம் அடிக்காதே என்பதுதான் அந்த வசனம். சுமையை ஒருத்தியாகத் தூக்கி இடுப்பை ஒடித்துக்கொள் என்று அதில் எங்கும் இல்லை. இது புரிய எனக்கு மூன்று வாரமும் பல ஆயிரம் ரிங்கிட்டும் ஆனது.

திங்கட்கிழமை அவனுடைய முதலாளியைப் பார்க்கப் போனேன். முதலில் அவன் தன் ஆளே இல்லை என்றார். பிறகு, அவன் வேலைக்கு வராத நாளைக்கு யார் நஷ்டம் தருவது என்று கேட்டார். பேச்சுவாக்கில்தான் வெளியே வந்தது, பெர்மிட் போன அக்டோபரிலேயே முடிந்துவிட்டது, புதுப்பிக்கவில்லை. பாஸ்போர்ட் முதலாளியின் பெட்டியில். தம்பியிடம் இருந்தது போனில் எடுத்த ஒரு படம் மட்டும். வெளிநாட்டுத் தொழிலாளருக்கு மருத்துவமனைக் காப்பீடு 2011 முதல் கட்டாயம்தான், ஆனால் அது பெர்மிட்டோடு கட்டிய கயிறு. பெர்மிட் இல்லையென்றால் அதுவும் இல்லை. ஆகவே சபைக்கு வருகிற வெளிநாட்டுத் தம்பிகள் யாராக இருந்தாலும், உடம்பு நன்றாக இருக்கும்போதே, சும்மா பேசுகிற மாதிரி கேட்டு வையுங்கள். பெர்மிட் எந்தத் தேதி வரை? பாஸ்போர்ட் யார் கையில்? சம்பளம் வருகிறதா? மற்றவர் பாஸ்போர்ட்டைப் பிடித்து வைப்பது 1966ஆம் ஆண்டுப் பாஸ்போர்ட் சட்டப்படி குற்றம். இதை வேலை செய்கிற பையன்களில் பாதிப் பேருக்கு யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள்.

வார்டில் பக்கத்துக் கட்டில்காரரின் மகன் ஒரு நாள் என்னிடம் மெதுவாகச் சொன்னார். ஆவணம் இல்லாதவர் சிகிச்சைக்கு வந்தால் அரசு மருத்துவமனை அதிகாரிகளுக்குத் தெரிவிக்கவேண்டும் என்று 2001லேயே சுற்றறிக்கை இருக்கிறதாம். அன்றிலிருந்து சீருடையில் யார் நடந்து வந்தாலும் எனக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும். ஏப்ரல் 7, ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறு, காலை ஆராதனைக்குப் போய்விட்டு வார்டுக்குப் போனேன். அன்றைய சுவிசேஷம் தோமா காயங்களைத் தொட்டுப் பார்க்கக் கேட்ட பகுதி. முதல் பாடம் அப்போஸ்தலர் நடபடிகள் நாலாம் அதிகாரம், ஆதி விசுவாசிகள் எதையும் தன்னுடையது என்று சொல்லாமல் எல்லாவற்றையும் பொதுவில் வைத்து வாழ்ந்தார்கள் என்பது. அதை அன்று வாசித்ததே நான்தான். வாசித்து முடித்து, "இது ஆண்டவருடைய வார்த்தை" என்று சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தேன். பைக்குள் 2,800 ரிங்கிட் ரசீது இருந்தது.

ஏப்ரல் 9, நோன்புப் பெருநாளான ஹரிராயாவுக்கு முந்தின நாள், வீட்டுக்கு அனுப்பினார்கள். மொத்தம் 9,480 ரிங்கிட். முன்பணம் போக 6,680. சேமிப்பிலிருந்து 2,000 கட்டி, மீதி 4,680க்கு மறுபடியும் கையெழுத்துப் போட்டேன். கடைக்கு மேலே இருந்த தங்குமிடத்தில் படி ஏறமுடியாது, ஈரத் தரை. அதனால் என் வீட்டுப் பின்னறையில் படுக்கவைத்தேன். எழுபத்தொன்பது வயது அம்மா அவனுக்குக் கேழ்வரகுக் கூழ் காய்ச்சிக் கொடுத்தார். "ஐயா, இன்னும் கொஞ்சம் குடிப்பா" என்பார். ராயா விடுமுறையில் பல கிளினிக் மூடியிருந்ததால் கட்டுப் போடுவதையும் நானே கற்றுக்கொண்டேன். உப்புநீர், பஞ்சு, பிளாஸ்டர் என்று 640 ரிங்கிட். அலுவலகத்தில் ஒன்பது நாள் விடுப்பு போனது.

இதில் நான் செய்த பெரிய தவறு பின்னறை. செல்லுபடியாகும் பெர்மிட் இல்லாதவரை வீட்டில் தங்கவைப்பது குடிநுழைவுச் சட்டம் 1959/63இன்படி குற்றம். நல்லெண்ணம், நோயாளி, ஒரே சபை என்பதெல்லாம் கதவைத் தட்டுகிறவரிடம் பேச்சுக்கு எடுபடாது. பதிமூன்று இரவு என் வயதான தாயையும் சேர்த்து அந்த ஆபத்தில் வைத்திருந்தேன். தெரிந்தபின் இரண்டு நாள் எனக்குத் தூக்கம் வரவில்லை. யாராவது இந்த நிலையில் வந்தால் வீட்டைத் திறப்பதற்கு முன்னால் ஒரு வழக்கறிஞரிடம் ஐந்து நிமிடம் பேசுங்கள். புலம்பெயர்ந்தோருக்காக உழைக்கிற தெனாகனிதா போன்ற அமைப்புகள் இங்கே பல்லாண்டுகளாக இருக்கின்றன. அவர்களையும் கேட்கலாம்.

அடுத்த தவறு ஏஜெண்ட். ஆவணமில்லாதவர்கள் அபராதம் கட்டிவிட்டு ஊருக்குத் திரும்ப அரசு அந்த வருடம் மார்ச் 1 முதல் ஒரு திட்டம் அறிவித்திருந்தது. தம்பியும் ஊருக்கே போய்விடுகிறேன் என்று அழுதான். எனக்குத் தெரிந்த ஒருவருக்குத் தெரிந்தவர் என்று ஒரு ஆள், மஸ்ஜிட் இந்தியாவில் காப்பிக் கடையில் சந்தித்தார். கழுத்தில் அடையாள அட்டை, கையில் ஃபைல். குடிநுழைவு வேலையெல்லாம் அவரே முடிப்பாராம், 1,800 ரிங்கிட். ஏப்ரல் 16 அன்று ஆன்லைனில் அனுப்பினேன். மறுநாள் எண் வேலை செய்யவில்லை. மதியம் வேலை இடைவேளையில் டத்தாரான் மெர்டேக்கா பக்கத்தில் இருக்கிற செயிண்ட் மேரீஸ் கதீட்ரலுக்கு நடந்தேன். 1895இல் பிரதிஷ்டை செய்த அந்தப் பழைய ஆலயத்தில் மத்தியான நேரம் யாரும் இல்லை. பின் பெஞ்சில் உட்கார்ந்து ஆண்டவரிடம் கோபப்பட்டேன். உம் பிள்ளைக்குத்தானே செய்தேன், எனக்கு ஏன் இப்படி என்று கேட்டேன்.

அந்தத் திட்டத்துக்கு ஏஜெண்டே தேவைப்படவில்லை. சம்பந்தப்பட்டவரே பாஸ்போர்ட்டும் ஊர் திரும்பும் டிக்கெட்டும் எடுத்துக்கொண்டு குடிநுழைவு அலுவலகத்துக்கு நேரில் போயிருக்கலாம், தங்கும் காலம் மீறியதற்கு அப்போது அபராதம் 500 ரிங்கிட், வெளியேறும் பாஸுக்கு 20. இதை யாரிடமாவது ஒரு வார்த்தை கேட்டிருந்தால் 1,800 மிஞ்சியிருக்கும். இப்படிப்பட்ட திட்டங்கள் வரும், போகும், நிபந்தனை மாறும். குடிநுழைவுத் துறையின் அறிவிப்பை நேரடியாகப் பாருங்கள். தெரியாத கணக்குக்குப் பணம் அனுப்புமுன் மோசடிக் கணக்கா என்று பார்க்கப் போலீஸ் வைத்திருக்கும் செமாக் மியூல் இணையப் பக்கத்தில் அந்தக் கணக்கு எண்ணைப் போட்டுத் தேடுங்கள். அனுப்பிவிட்டு ஏமாந்தது தெரிந்தால் அந்த நிமிடமே மோசடிக்கான உதவி எண் 997க்கு அழையுங்கள், உங்கள் வங்கிக்கும் சொல்லுங்கள். நான் வெட்கப்பட்டு ஒரு நாள் தள்ளினேன். அதற்குள் கணக்கில் ஒன்றுமில்லை.

ஏப்ரல் 21 ஞாயிறு. யோவானின் முதல் நிருபம் மூன்றாம் அதிகாரம் வாசித்தார்கள், சகோதரனுக்குக் குறைச்சல் இருப்பதைப் பார்த்தும் இருதயத்தை அடைத்துக்கொள்கிறவனைப் பற்றிய பகுதி. ஆராதனை முடிந்து தேநீர் குடிக்கும்போது என் பை மேசையிலிருந்து விழுந்து, கட்டுத்துணிச் சுருள்கள் நாலைந்து தரையில் உருண்டன. பெரிய வியாழன் அன்று துண்டு பிடித்த ஆன்ட்டி, முப்பது வருடம் மிஸ்ஸியாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், ஒன்றைக் குனிந்து எடுத்தார். "இது யாருக்கும்மா? இந்த அளவு துணி சின்னக் காயத்துக்கு வாங்கமாட்டாங்களே" என்றார். அவ்வளவுதான், எனக்கு அடக்கமுடியவில்லை. நடந்ததை எல்லாம் சொன்னேன். ஆயரும் வந்து கேட்டார். யாரும் என்னைப் பாராட்டவும் இல்லை, திட்டவும் இல்லை. ஆயர் மட்டும், "பேதுரு ஆண்டவர் தன் காலைக் கழுவவேண்டாம்னு சொன்னதும் அன்பாலதாம்மா. ஆனா ஆண்டவர் ஒத்துக்கலையே" என்றார்.

அதன்பின் பத்து நாளில் நடந்தது நான் மூன்று வாரத்தில் செய்யமுடியாதது. மிஸ்ஸி ஆன்ட்டி அன்று மாலையே வந்து காலைப் பார்த்தார். நான் கட்டை இறுக்கிக் கட்டியிருந்தேனாம், ரத்த ஓட்டம் தடைபடும் என்று அவிழ்த்துப் புதிதாகக் கட்டினார். சபைக் காரியங்களைப் பார்த்துக்கொள்ளும் எங்கள் வார்டன்களில் ஒருவர் வழக்கறிஞர். மறுநாளே அவர் முதலாளிக்குப் போன் செய்து, பாஸ்போர்ட் சட்டத்தைச் சொல்லி, போலீஸ் புகாருக்குப் போகப்போகிறோம் என்றார். மூன்றாம் நாள் பாஸ்போர்ட் கைக்கு வந்தது. என் வீட்டில் இருக்கக்கூடாது, முதலாளிதான் தங்க இடம் தரவேண்டும் என்று பேசி, போன் செய்த அன்றே கீழ்த்தளத்தில் காய்ந்த ஓர் அறை வாங்கிக் கொடுத்தார். இரண்டு மாதச் சம்பளப் பாக்கி, அப்போதைய குறைந்தபட்சச் சம்பளம் 1,500 கணக்கில் 3,000 ரிங்கிட், தொழிலாளர் துறையில் புகாராகப் பதிந்தோம். விசாரணைக்கு முன்பே முதலாளி 2,600 கொடுத்து முடித்துக்கொண்டார். ஊருக்குப் போனபின் இந்தப் பணத்தைக் கேட்டுப் பெறுவது மிகவும் சிரமம், டிக்கெட் வாங்குவதற்கு முன்னால் புகாரைப் பதிந்துவிடுங்கள் என்று வார்டன் எல்லாருக்கும் சொல்லச் சொன்னார். சம்பளச் சீட்டு இல்லாவிட்டால் வங்கிப் பதிவு, வாட்ஸ்அப் செய்தி, கடைச் சீருடையில் எடுத்த படம்கூட உதவும். நாங்கள் கொடுத்தது பெரும்பாலும் வாட்ஸ்அப்தான்.

சபையின் இரக்க நிதி என்று ஒன்று இருக்கிறது. வருடா வருடம் சபை நிர்வாகக் குழுவான பி.சி.சி. கணக்கு வாசிக்கும்போது நானும் கை தூக்கி ஒப்புக்கொள்கிற கணக்குதான். அதைக் கேட்கவேண்டும் என்று எனக்கு ஏன் தோன்றவில்லை என்று தெரியவில்லை. அதிலிருந்து மருத்துவமனைக்கு 2,500 கட்டினார்கள். டிக்கெட் 690, அபராதம், பாஸ் எல்லாம் சபை ஏற்றது. மருத்துவச் சமூகப் பணிப் பிரிவில் பேசி மீதி 2,180ஐ மாதத் தவணையாக்கினோம். அதை நானே கட்டுகிறேன் என்றேன், 2025 பிப்ரவரியில் முடிந்தது. அவசரப் பிரிவுக் கட்டணத்திலிருந்து தவணை வரை கூட்டினால் என் கையிலிருந்து போனது 9,520 ரிங்கிட். ஏமாந்த 1,800 மட்டும்தான் இன்றைக்கும் உறுத்துகிறது.

ஒரு சின்ன யோசனையும் சொல்லிவிடுகிறேன். இப்படி ஒரு வேலையில் இறங்கினால் முதல் நாளிலேயே ஒரு நோட்டு வாங்கி, தேதி, யாரோடு பேசினோம், எவ்வளவு கொடுத்தோம் என்று எழுதுங்கள். எல்லா ரசீதையும் போனில் படம் எடுங்கள். நான் ரசீதுகளைப் பைபிளுக்குள் வைத்திருந்தேன். பி.சி.சி.க்குக் கணக்குக் காட்ட வேண்டியிருந்தபோது இரண்டு ரசீது காணாமல் போயிருந்தது. மிஞ்சிய ரசீதுகளில் மைகூட அதற்குள் வெளிறிப்போயிருந்தது.

மே 18, பெந்தெகொஸ்தேக்கு முந்தின சனிக்கிழமை, அவன் திருச்சிக்குப் பறந்தான். மருத்துவர் தந்த பயணச் சான்றிதழை வார்டன் பிளாஸ்டிக் உறையில் போட்டு அவன் சட்டைப் பையில் வைத்தார். மிஸ்ஸி ஆன்ட்டி முன்பக்கம் அகலமான ஒரு ஜோடிச் செருப்பு வாங்கிவந்து, "வீட்டுக்குள்ளயும் வெறுங்காலோட நடக்கக்கூடாது, ராத்திரி படுக்கும்போது கண்ணாடி வச்சு உள்ளங்காலப் பாரு" என்று மூன்று முறை சொன்னார். விமான நிலையத்தில் என்னிடம் அவன் அதிகம் பேசவில்லை. "அக்கா, அம்மாகிட்ட கூழு நல்லா இருந்துச்சுன்னு சொல்லுங்க" என்றான்.

2025 பெரிய வியாழனுக்கு, ஏப்ரல் 17, மிஸ்ஸி ஆன்ட்டி ஒரு வாரம் முன்பே ஆயரிடம் கேட்டு ஆலயத்துப் பின்னறையில் மேசை போட்டார். சர்க்கரை பார்க்கும் கருவி, கையுறை, டார்ச், நல்ல வெளிச்சத்துக்கு ஒரு மேசை விளக்கு. ஆராதனைக்கு ஒரு மணி நேரம் முன்னால் யார் வேண்டுமானாலும் வந்து காலைக் காட்டலாம் என்று தமிழிலும் மலாயிலும் எழுதி ஒட்டினோம். பதினெட்டுப் பேர் வந்தார்கள், பாதிப் பேர் பக்கத்துக் கடைகளில் வேலை செய்கிறவர்கள். இரண்டு பேரை மறுநாள் காலை கிளினிக்குக்கு அனுப்பினோம். அதில் ஒருவர் எங்கள் பாடகர் குழுவில் இருபது வருடமாகப் பாடுகிறவர். ஆராதனையில் நான் செம்பைப் பிடித்தேன். பன்னிரண்டு பேரும் இரண்டு காலுறையையும் கழற்றிவிட்டுத்தான் உட்கார்ந்திருந்தார்கள்.